நின்ற பிறகு திருநீறு

யாராவது அழுதால் ஓடிப்போய்க் கண்ணைத் துடைத்துவிடுகிற ஜனம் நாம். "அழாதம்மா, அழாதய்யா" என்று சொல்ல நமக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. எனக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. இத்தனை வருஷத்தில் அந்த ஒரு சொல்லை வாயில் எடுக்காத ஒரே ஒரு மனுஷியைத்தான் பார்த்திருக்கிறேன். தாராவியில் எங்கள் சாலில், அதாவது ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக இருக்கிற பதினான்கு ஒற்றை அறை வீடுகளில், கடைசி அறையில் இருந்தாள். என் வீட்டுக்காரரும் அவளும் ஒரே ஊர் என்பதால் அவர் அவளை அக்கா என்பார். அந்த வகையில் எனக்கு மயினி. பெயர் வேண்டாம். அவள் மகள் இருக்கிறாள், பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அழுகைக்கு மட்டும் இல்லை, நடுக்கத்துக்கும் அவள் அப்படித்தான். எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு உடம்பு உதறத் தொடங்கினால் என்ன செய்வோம்? ஒருவர் தோளைப் பிடிப்பார், ஒருவர் கையில் இரும்பைத் திணிப்பார், ஒருவர் முகத்தில் தண்ணீரை அடிப்பார், இன்னொருவர் நெற்றியில் திருநீற்றை அப்புவார். மயினி இதில் எதையும் செய்யமாட்டாள். பாயை விரித்துப் படுக்கவைப்பாள். கை கால் இடிக்காமல் இருக்கப் பக்கத்தில் கிடக்கும் பாத்திரங்களைத் தள்ளிவைப்பாள். கால்மாட்டில் உட்கார்ந்து இரண்டு குதிகால்களையும் உள்ளங்கையில் ஏந்திக்கொள்வாள். அவ்வளவுதான். அரை மணியோ ஒரு மணியோ, அது தானாக நிற்கும்வரை அசையமாட்டாள். நின்ற பிறகு எழுந்துபோய், அம்மன் படத்துக்கு முன்னால் இருக்கிற திருநீற்று மரவையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் இடுவாள்.

"நின்ன பொறவுதான் துன்னூறு. முன்னாலயே பூசுனா போறவனைப் போகவிடாம கதவைச் சாத்துத மாதிரி" என்பாள்.

அவளுக்கு இது வைத்தியமில்லை, பூசை. பயமும் துக்கமும் உடம்புக்குள் வந்து உட்கார்ந்துகொண்டால் அது வெளியே போக அம்மன் வைத்த வழிதான் நடுக்கம் என்று நம்பினாள். வழியில் குறுக்கே நிற்கிறவன் அம்மனுக்குக் குறுக்கே நிற்கிறான். கோயில் கொடைக்குப் போனால் இவளால் ஒரு சண்டை நிச்சயம். யாராவது ஒருத்தி ஆடத் தொடங்கினதும் ஜனம் அவள் காலில் விழுந்து, வீடு கிடைக்குமா, வேலை நிரந்தரமாகுமா என்று குறி கேட்கும். மயினி கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்ப் பூசாரியிடம் சொல்வாள்: "அவகிட்ட ஒண்ணும் கேக்காதிய. தம்பி செத்ததுக்கு அவ நடுங்குதா. நடுங்கட்டும்." பூசாரிக்கு அவளைக் கண்டாலே ஆகாது.

மயினிக்குத் தோல் கிடங்கில் வேலை. உப்புப் போட்டு வருகிற பச்சைத் தோலை இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று பிடித்து, உப்பு உதிரும்வரை உதறி உதறி அடுக்க வேண்டும். உப்புத் தின்ற உள்ளங்கை வெடித்துப் பாளம் பாளமாக இருக்கும். என்ன சோப்புப் போட்டாலும் வாடை போகாது. அதைப் பற்றி அவளுக்கு வெட்கமும் கிடையாது. "ரயில்ல எனக்கு மட்டும் ஜன்னல் சீட்டு தானா கெடைக்கும்ட்டி, எல்லாரும் எந்திச்சுப் போயிருவாவ" என்று சொல்லிச் சிரிப்பாள்.

எனக்கு அப்போது கொஞ்சம் திமிர் உண்டு. பத்தாவது வரை படித்தவள். தோல் உதறுகிற பொம்பளைக்கு உடம்பைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன். வாயிலும் சொன்னேன். அவள் காதில் விழுந்திருக்கும். அவள் காட்டிக்கொள்ளவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் எனக்கு முதல் குழந்தை பிறந்து இருபத்திரண்டு நாள் இருந்தது. ஒருநாள் காய்ச்சல், மறுநாள் இல்லை. வந்தவர்கள் எல்லோரும் சின்ன வயசுதானே, அடுத்த வருஷம் ஒன்று பெற்றுக்கொள்ளலாம் என்றார்கள். நானும் தலையாட்டினேன். அழவில்லை. சோறு பொங்கினேன், தண்ணீர் பிடித்தேன், அவருக்கு டப்பா கட்டிக்கொடுத்தேன். நாலைந்து நாளில் கழுத்து இடது பக்கம் திரும்பாமல் நின்றுவிட்டது. தாடை இறுகி, ஒரு கவளம் உள்ளே போவதற்கு வாய் திறக்கவில்லை. மாட்டுங்காவில் டாக்டர் டானிக் எழுதிக்கொடுத்தார். நல்ல டானிக், இனிப்பாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் மயினி வந்தாள். என் வீட்டுக்காரரை டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். மரியாதைக்காகத்தான் படுத்தேன். அந்தச் சொரசொரப்பான கைகள் குதிகாலைப் பிடித்தபோது கூச்சமாக இருந்தது. ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. தகரக் கூரையில் இருக்கிற ஆணிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பிறகு கெண்டைக்காலில் ஏதோ ஊர்ந்தது. எறும்பு என்று நினைத்தேன். அது தொடைக்கு ஏறியது, வயிற்றுக்கு வந்தது, பல்லெல்லாம் கடகடவென்று அடித்துக்கொள்ளத் தொடங்கியது. என் உடம்பு என் சொல்பேச்சுக் கேட்கவில்லை. பயந்துபோய், மயினி என்னைப் பிடியுங்கள் என்று கத்தினேன்.

"பிடிக்க மாட்டேன். இங்கனதான் இருக்கேன்" என்றாள்.

ரவிக்கை பாலில் நனைந்தது. என் தொண்டையிலிருந்து அதுவரை நான் கேட்டிராத ஒரு சத்தம் வந்தது. சால் முழுக்க வந்து கதவைத் தட்டியது, அவள் திறக்கவில்லை. அது நின்றபோது சாயங்காலம் ஆகியிருந்தது. திருநீறு இட்டு, மிளகு ரசம் ஊற்றிப் பிசைந்து ஊட்டிவிட்டாள். வாய் திறந்தது. என் பிள்ளை செத்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ராத்திரி கழுத்து இரண்டு பக்கமும் திரும்பியது.

இதையெல்லாம் எங்கே படித்தாய் அக்கா என்று என் வீட்டுக்காரர் ஒருமுறை கேலியாகக் கேட்டார். அவள் வாசலைக் காட்டினாள். பாய் வீட்டு ஆட்டுக்குட்டி ஒன்று கொஞ்ச நேரத்துக்கு முன்னால் லாரிச் சக்கரத்தில் அகப்பட இருந்து தப்பியிருந்தது. சுவரோரமாக நின்று கிடுகிடுவென்று நடுங்கியது. அப்புறம் தலையை ஒரு உலுப்பு உலுப்பிவிட்டு, கீழே கிடந்த கீரைத் தண்டைத் தின்னப் போய்விட்டது. "அதுக்குப் பக்கத்துல போயி யாரும் ஆறுதல் சொல்லல, அதான் பொழைச்சிட்டு" என்றாள் மயினி.

மாட்டுங்காவிலிருந்து ஒரு ஆபீஸ்காரர் வந்ததைச் சொல்ல வேண்டும். கூட வேலை பார்த்தவர் ரயில் வாசலிலிருந்து விழுந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவர். அதிலிருந்து வலது கை நடுங்குகிறது, கையெழுத்துப் போட முடியவில்லை. ஆபீஸ் பியூன் எங்கள் சால்காரன், அவன் சொல்லி வந்தார். மூக்கில் கைக்குட்டை. சாக்கடையைத் தாண்டித் தாண்டி வந்து, "இந்த நடுக்கத்தை மட்டும் நிறுத்திக் குடுத்தாப் போறும்" என்றார்.

"நிறுத்துததுக்கு எனக்குத் தெரியாது சாமி. நடுங்குததுக்கு எடம் குடுப்பேன். அம்புட்டுதான்."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. பியூனை ஒரு முறை முறைத்துவிட்டுப் போனார். பத்து நாள் கழித்து அவராகவே வந்தார், கைக்குட்டை இந்தமுறை பைக்குள் இருந்தது. கையில் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது அன்றைக்கு உடம்பு முழுக்க நடுங்கித் தீர்ந்தது. பிறகு மயினியின் பாயிலேயே நாலு மணிவரை வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். அடுத்த வாரம் பியூனிடம் காப்பிப் பொடி கொடுத்தனுப்பினார். மயினி காப்பி குடிக்கமாட்டாள், எனக்குத்தான் லாபம்.

ஒரு காலையில் குழாயில் தண்ணீருக்குக் காத்திருந்தபோதுதான் கேட்டேன், உங்களுக்கு இது வந்திருக்கிறதா மயினி என்று. குடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். ஊரில் கிணறு வெட்டுகிற இடத்தில் வெடி வைத்ததில் அவள் புருஷன் போனபோது அவளுக்கு நாலு மாசம். உடலைக் கொண்டுவந்து போட்டதும் இவளுக்கு உதறியது. மாமியாரும் மற்றவர்களும் சுவரோடு சாய்த்துத் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். வயிற்றில் இருப்பதையும் அழுது கொன்றுவிடாதே என்று வாயைப் பொத்தினார்கள். அடங்கிவிட்டது. குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. மூன்று வயசில் அதைத் தூக்கிக்கொண்டு பம்பாய்க்கு வந்தாள். ஆனால் அந்த நடுக்கம் அதற்குப் பிறகு வரவே இல்லை, அம்மா செத்தபோதுகூட. வெள்ளிக்கிழமைதோறும் வேலை விட்டு வந்து, குளித்து, விளக்கேற்றி, தனியாகப் பாயில் படுத்து அதற்காகக் காத்திருப்பாளாம். பதினெட்டு வருஷமாக.

வெள்ளிக்கிழமைகளில் அவள் கதவு ஏன் சாத்தியிருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. எல்லோருக்கும் கிடைத்தது அவளுக்குக் கிடைக்கவில்லை.

"வரும்ட்டி" என்றாள். "பிள்ளைக்காகத்தான ஒடம்பு காவல் இருக்கு. அவள ஒருத்தன் கையில புடிச்சுக் குடுத்துட்டா, இனிமே காவல் வேண்டாம்னு அதுக்கே தெரிஞ்சிரும். அம்மன் மறக்க மாட்டா."

அடுத்த வருஷமே வரன் வந்தது. பையனுக்கு அம்பர்நாத்தில் பிட்டர் வேலை. மகளுக்கு அவனைப் பிடித்திருந்தது, முன்பே இரண்டு மூன்று தடவை பார்த்துப் பேசியிருக்கிறாள். அது எனக்கும் மயினிக்கும் மட்டும் தெரியும். சிக்கல் பையனின் அப்பாதான். பகுத்தறிவுக்காரர், மேடையில் பேசுகிறவர். நல்ல மனுஷர், வரதட்சிணை என்ற பேச்சையே எடுக்கவில்லை. ஆனால் சாமியாடுகிற வீட்டில் பெண் எடுக்கமாட்டேன், காக்காய் வலிப்பு மாதிரி வம்சத்தில் தொடர்கிற நோய் உள்ள வீட்டிலும் எடுக்கமாட்டேன் என்று முதலிலேயே சொல்லியிருந்தார். அந்தக் காரணங்களுக்காக இரண்டு இடங்களை ஏற்கெனவே தட்டிவிட்டவர். நிச்சயத்துக்கு முந்தின நாள் மயினி அம்மன் படத்தையும் திருநீற்று மரவையையும் எடுத்து வந்து என் அறையில் வைத்தாள். ஒருநாள்தானே, அம்மன் கோபித்துக்கொள்ளமாட்டாள் என்று சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி. மயினியின் அறைக்கு முன்னால் தார்ப்பாய் கட்டிப் பெஞ்சு போட்டிருந்தது. பையனின் அம்மா எழுந்து வந்து பெண்ணின் தலையில் பூ வைத்தாள். மயினி காப்பித் தட்டோடு நின்றிருந்தாள், நான் பக்கத்தில். தட்டில் தம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்கிற சத்தம் கேட்டுத் திரும்பினேன். அவள் முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது. முகத்தைப் பார்த்தேன். பயம் துளிக்கூட இல்லை. அப்படி ஒரு வெளிச்சத்தை அந்த முகத்தில் நான் முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

"ஏட்டி, வந்துட்டு" என்றாள் என் காதுக்குள்.

தட்டை வாங்கிக் கீழே வைத்தேன். நானும் இன்னும் மூன்று பெண்களுமாக அவளை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினோம். பாயை விரித்துப் படுக்கவைத்திருக்கலாம்தானே என்று கேட்பீர்கள். அறைக்கும் பந்தலுக்கும் நடுவில் வெறும் பலகைச் சுவர். சம்பந்தியின் முதுகு அதில் சாய்ந்திருக்கிறது. நடுக்கம் ஏறினால் சத்தம் வரும், எப்படிப்பட்ட சத்தம் வரும் என்று எனக்குத் தெரியும், என் தொண்டையிலிருந்து வந்ததுதானே. ஒருத்தி சாவிக்கொத்தை அவள் கையில் வைத்து அழுத்தினாள். இரண்டு பேர் தோளைப் பிடித்தார்கள். நான் அவள் கால்மேல் உட்கார்ந்து, முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துப் பொத்தினேன்.

துணிக்குள்ளிருந்து "விட்டுருட்டி" என்றாள். எனக்கு மட்டும்தான் கேட்டது. "விட்டுரு தாயி."

நான் விடவில்லை. அறியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை. அந்தக் கூட்டத்தில் அது என்னவென்று தெரிந்தவள் நான் ஒருத்திதான், அதனால் மற்ற மூன்று பேரையும்விட இறுக்கிப் பிடித்தவளும் நான்தான். வெளியே தலை குனிந்து உட்கார்ந்திருந்த பெண்ணை நினைத்தேன். இன்னொரு நாள் வந்துகொள்ளும் என்று நினைத்தேன். காலையிலிருந்து பட்டினி, பித்த மயக்கம் என்று என் வீட்டுக்காரர் வெளியே சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அடியில் அந்தக் கால்கள் மீன் துள்ளுவதுபோலத் துள்ளிக்கொண்டே இருந்தன. பிறகு ஒவ்வொன்றாக அடங்கின. கல்லாகிவிட்டன.

பத்து நிமிஷம்தான் ஆகியிருக்கும். மயினி எழுந்து கொண்டையை முடிந்துகொண்டாள். முகத்தைக் கழுவினாள். வெளியே போய்ச் சம்பந்திக்கு அவள் கையாலேயே கேசரி பரிமாறினாள், ஒரு துணுக்குக்கூடச் சிந்தவில்லை. தட்டு மாற்றினார்கள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. மயினி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் மன்னிப்புக் கேட்கப் போனபோதெல்லாம் வேறு பேச்சுப் பேசினாள். அம்மன் படத்தைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தேன், அதன் இடத்தில் மாட்டினாள். ஆனால் வெள்ளிக்கிழமை அவள் கதவு அதற்குப் பிறகு சாத்தியிருக்கவில்லை. யாராவது தேடி வந்து கூப்பிட்டால் முடியவில்லை என்று சொல்லி அனுப்பினாள். வலது தோள் மேலே ஏறிக்கொண்டு கீழே இறங்கவே இல்லை. தோலை உதறக் கையைத் தூக்க முடியாமல் வேலையை விட்டாள். மகள் வந்து அம்பர்நாத்துக்கு அழைத்துப் போனாள்.

ஒருநாள் நான் அங்கே போனேன். மகளும் மாப்பிள்ளையும் கடைக்குப் போயிருந்த பகல் நேரம். படுங்கள் மயினி என்றேன். குழந்தை மாதிரிப் படுத்தாள். அவள் எனக்குச் செய்தது போலவே குதிகால் இரண்டையும் ஏந்திக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். அந்தக் கால்கள் ஐஸ்கட்டி மாதிரிக் குளிர்ந்திருந்தன. என் கை மரத்துப்போனது. கும்பிடாத சாமியையெல்லாம் கும்பிட்டேன். ஒரு நரம்புகூடத் துடிக்கவில்லை.

கூரையைப் பார்த்தபடி அவள் சொன்னாள்: "விடுட்டி, போதும். ரெண்டு தடவை வாசல் வரைக்கும் வந்துச்சு. ரெண்டு தடவையும் பிள்ளைக்காகன்னு திருப்பி அனுப்பிட்டோம். இனிமே எங்க வர?"

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

அறுபத்தொன்பது மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தாள். மூச்சு இழுத்துக்கொண்டிருந்த மூன்று நாளும் உடம்பு விறைத்தபடியே இருந்ததாம். நாங்கள் போனபோது வீட்டு வாசலில் நாற்காலி போட்டுப் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். சடங்கு எதுவும் இல்லாமல் இரங்கல் பேச்சு மட்டும் வைத்திருந்தார் சம்பந்தி. எத்தனையோ பெண்களைப் பார்த்திருக்கிறேன், கடைசிவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத தைரியசாலி இந்த அம்மையார்தான் என்று பேசினார். பாசமாகத்தான் சொன்னார். எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மடியில் சின்னவன், பெரியவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் இரண்டு கையையும் எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அத்தை, அன்னைக்கு நீங்க அம்மாவ உள்ள கூட்டிட்டுப் போயிப் பிடிச்சிருக்கலேன்னா, இந்த வீடு எனக்குக் கெடைச்சிருக்காது. அம்மாவே அடிக்கடி சொல்லுவா, ஒங்க அத்தை செஞ்சதுதான் சரின்னு."

அவள் சொன்னது பொய்யில்லை. அந்த வீடு, அந்த நல்ல பையன், அந்த இரண்டு பிள்ளைகள் எல்லாம் நிஜம். மயினி எதற்காக மகளிடம் அப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பிடியில் அம்மா எதை இழந்தாள் என்று மகளுக்குக் கடைசிவரை தெரியக்கூடாது, அவ்வளவுதான். அதையும் சேர்த்து அடக்கிக்கொண்டு போய்விட்டாள்.

நான் ஏதாவது பதில் சொல்ல வேண்டும் என்று அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் ஆட்கள் இருந்தார்கள். பிள்ளைகள் இருந்தார்கள். என் முழங்கால் இரண்டும் நடுங்கத் தொடங்கின. நான் அவள் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு எழுந்து, பின்பக்கக் குழாயடிக்குப் போய், கிடந்த பாத்திரங்களையெல்லாம் கழுவிவைத்தேன்.